நேராக அடித்தால் எல்லாம் ஒட்டும்

எங்கள் பழைய கம்பெனியில் இப்போது ஸ்ப்ரே பிரிவின் பொறுப்பில் இருக்கும் கார்த்திகேயன் போன மாதம் போன் செய்தார். பூச்சுத் தொழிலில் இருப்பவர்களின் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறதாம். இளைஞர்களுக்கு ஊக்கமூட்டும் விதத்தில் நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "இப்பல்லாம் மேடம், செட்டிங் எதையும் நாம பாக்க வேண்டியதில்ல. பவுடர் பேரச் சொன்னா போதும். பிரஷர், டெம்பரேச்சர், தூரம் எல்லாம் சாஃப்ட்வேரே போட்டுக்குது," என்றார். சொன்னது பெருமையாலா சலிப்பாலா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊக்கமூட்டும் வார்த்தைகள் என்னிடம் கிடையாது. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

முதலில் எங்கள் தொழிலின் பெயர். கோல்டு ஸ்ப்ரே, அதாவது குளிர் தெளிப்பு. எங்கள் ஆஸ்டின் டவுன் சர்ச்சுக்கு வருபவர்களில் பாதிப் பேர் நான் ஃப்ரிட்ஜ் கம்பெனியில் வேலை பார்த்ததாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை மன்னிக்கலாம். எங்கள் டைரக்டர்களில் ஒருவர், மெஷின் வந்து ஒரு வருஷம் ஆன பிறகு, ஸ்ப்ரே ரூமுக்குள் வந்து, "ஏன் இவ்ளோ சூடா இருக்கு? கோல்டுதானே?" என்று கேட்டார். அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. மெஷினை வாங்கக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

அதில் குளிர்ச்சி என்று எதுவும் இல்லை. நைட்ரஜனை நன்றாக அழுத்தி, நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கி, நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு குழாய் வழியாக விடுவோம். அதை நாசில் என்போம். அந்த வாயுவோடு மாவு போன்ற உலோகப் பொடியும் போகும். வெளியே வரும்போது அதன் வேகம் ஒலியைத் தாண்டியிருக்கும். பொடி உருகுவதே இல்லை, அதனால்தான் கோல்டு. உருகாத துகள் அந்த வேகத்தில் போய் மோதும்போது நசுங்கிப் பரவுகிறது. அதன் மேல்தோலும் மோதிய இடத்தின் மேல்தோலும் கிழிந்து, சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் துகள் தகரக் கூரையில் விழுந்த ஆலங்கட்டி மாதிரி தெறித்துப் போய்விடும். ஆகவே வாயுவின் அழுத்தம், சூடு, நாசில் பொருத்திய கன்னுக்கும் பூச வேண்டிய பாகத்துக்கும் உள்ள தூரம், கன் நகரும் வேகம், அது பிடிக்கும் கோணம், பொடியின் ஈரம் எல்லாமே கணக்கில் சேரும். ஒன்றை மாற்றினால் பூச்சின் கெட்டித்தன்மை மாறும், உள்ளே இருக்கும் ஓட்டைகள் மாறும், பிடிப்பு மாறும். முழுத் தொழிலும் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம். புரியாத மாதிரி நடந்துகொள்ளத்தான் பெரிய மூளை வேண்டும். அப்படிப்பட்ட மூளைகளிடம்தான் நான் வேலை பார்த்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெட்டலர்ஜி படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு உருக்கி அடிக்கும் பழைய முறை ஸ்ப்ரேயில் பல வருஷம், காதில் பஞ்சும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக. அதற்குப் பிறகுதான் பீனியா தொழிற்பேட்டையில் இருந்த இந்தக் கம்பெனி. அங்கே பூச்சுச் சோதனைக் கூடத்தின் பொறுப்பு எனக்கு.

கோல்டு ஸ்ப்ரே மெஷினை விற்க வந்தவர்கள் ஒரு டெமோ காட்டினார்கள். தட்டையான பலகை. அதற்கு நேர் செங்குத்தாக கன். செம்பு சரசரவென்று ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். "அதே பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து அடிக்க முடியுமா?" என்று கேட்டேன். விற்க வந்தவர் வாட்சைப் பார்த்து, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்றைக்கு பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. சாய்த்து அடித்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இனி டாக்டர் ராமப்ரசாத். எங்கள் பிரிவின் தலைவர். வைத்தியர் இல்லை, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். ஷிமோகா பக்கத்துக்காரர், மனைவி வேலூர், அதனால் தமிழ் சரளம். அவர் எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் எந்திரங்கள் இருக்கும் ஷாப்புக்குள் வருவார். எந்தப் பாகத்தையும் தொட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை புன்னகையோடு கேட்பார். பிறகு, "ஆய்த்து, விடுங்க," என்பார். முடிந்தது, விடுங்கள் என்று அர்த்தம். பேச்சு முடிந்தது என்று மட்டும் அல்ல, நீங்களே முடிந்தீர்கள் என்றும் அர்த்தம். எங்கள் செட்டிங்குகளை அவர் ரெசிபி என்றுதான் சொல்வார். "ரெசிபி லாக் ஆயிடுச்சு, யாரும் கை வெக்கக்கூடாது." ரசம் வைக்கவே நான் புளியைப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிப்பேன்.

அவருக்கு விஷயம் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் தெரியும். அதுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம். ஒருமுறை அலுமினியப் பூச்சின் குறுக்குவெட்டை மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தில் ஓட்டையே இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. அதை கம்பெனியின் விளம்பரப் பிரசுரத்தின் அட்டையில் போடச் சொன்னார். அலுமினியம் மெத்தென்றது, மெருகு போடும்போது அதுவே இழுபட்டு ஓட்டைகளை மூடிவிடும், கொஞ்சம் ஆசிட் விட்டுத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். துடைத்தும் காட்டினேன். இட்லியைப் பிட்டால் உள்ளே தெரியுமே, அப்படி இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றது கரெக்ட்," என்றார். அட்டையில் பழைய படம்தான் வந்தது.

பிறகு அந்த கியர்பாக்ஸ் வேலை வந்தது.

மலைக்கோயிலுக்கு பக்தர்களை ஏற்றிச் செல்லும் ஒரு ஹெலிகாப்டர் நிறுவனம். கியர்பாக்ஸின் வெளிக்கூடு, அதாவது கேஸிங், மெக்னீசியம். எடை குறைவு, ஆனால் சீக்கிரம் அரித்துப்போகும். அரித்த இடங்களைச் சுரண்டிவிட்டு அலுமினியம் ஏற்ற வேண்டும். மெக்னீசியம் சூடு தாங்காது என்பதால் கோல்டு ஸ்ப்ரேயைத் தவிர வேறு வழியில்லை. எங்களுக்கு இது பெரிய ஆர்டர். வழக்கப்படி முதலில் கூப்பன் என்று நாங்கள் சொல்லும் சோதனைத் துண்டுகள்: தட்டையான மெக்னீசியத் தகடுகள், செங்குத்தாக கன். அடித்த பூச்சின்மேல் ஒரு சின்ன உலோகக் குமிழை பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் மெஷினில் இழுப்போம். எத்தனை முறை இழுத்தும் பசைதான் அறுந்தது, பூச்சு அசையவில்லை. டாக்டர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். அந்தத் தகடுகளைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கார்த்திகேயன் அப்போது ரோபோவுக்கு புரோகிராம் போடும் வேலையில் இருந்தார். சேலத்திலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும். ஒருநாள் கேன்டீனில் பிசிபேளா பாத்தைக் கிளறிக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"அந்த ஆயில் போற வழி இருக்கு பாருங்க மேடம், அதோட மூலை மட்டும் சனியன். மத்த இடத்த விட ரெண்டு மடங்கு பவுடர் குடிக்குது."

"ஏன்?"

"தெரியல. திக்னஸ் ஏற மாட்டேங்குது. நான் அங்க மட்டும் கன் போய்ட்டு வர்ற பாஸ கூட்டி விட்டுட்டேன். இப்ப கரெக்டா வந்துடுச்சு."

"கன் அங்க நேரா நிக்குதா?"

"எங்க நிக்கும்? சுவர் இடிக்குது. சாய்ச்சுத்தான் விடணும்."

துகள் சாய்வாகப் போய் மோதினால், அழுத்துகிற பங்கு குறைந்துவிடும். மிச்ச வேகம் வழுக்கிக்கொண்டு போவதிலேயே வீணாகும். பாதிப் பொடி தெறித்து விழுகிறது என்றால், தங்கிய பாதியும் சரியாகப் பிடித்திருக்க வாய்ப்பில்லை. மூலை பொடியைக் குடிக்கவில்லை, துப்பிக்கொண்டிருந்தது. கூடுதலாக அடித்து அடித்துக் கனத்தைச் சரிக்கட்டியதால், அளவுக் கருவியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. கனம் சரி என்று பரிசோதனையில் பாஸ் ஆகி, ஒரு கூடு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அது பறந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே கார்த்திகேயனை உட்கார வைத்து, வேண்டாம் என்று ஒதுக்கிய தகடுகளை வெவ்வேறு சாய்வில் வைத்து அடித்தோம். அதே பொடி, அதே அழுத்தம், அதே சூடு. சாய்வு மட்டும்தான் வேறு. கொஞ்சம் சாய்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் சாய்க்கச் சாய்க்கப் பிடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அந்த மூலையில் கன் நின்ற சாய்வில் அடித்ததை நான் பேனாக்கத்தியால் நெம்பினேன். வந்துவிட்டது.

அதையும், பிடிப்பு இறங்குவதைப் பென்சிலில் போட்ட வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன். புன்னகையோடு முழுவதும் கேட்டார்.

"பாருங்கம்மா, கஸ்டமர் தட்டையான கூப்பன் கேட்டார். குடுத்தோம். பாஸ் ஆச்சு. அவரு கேக்காதத குடுத்தா அது சேவை இல்ல, செலவு."

"ஹெலிகாப்டர் கூப்பன்லயா சார் பறக்குது?"

"அந்தப் பூச்சு லோடு எடுக்கறதில்லம்மா. அரிப்பு தடுக்க மட்டும்தான். உரிஞ்சாலும் கேஸிங் உடையாது. சும்னே டென்ஷன் பண்ணிக்காதீங்க."

"கேஸிங் உடையாது சார். உரிஞ்ச தகடு எங்க போகும்? அது ஆயில் போற வழி. ஆயிலோட கியருக்குள்ள போகும்."

அவர் நான் கொண்டுபோன தகட்டைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்று சத்தியம் செய்வேன். பிறகு, "ஆய்த்து, விடுங்க," என்றார். அன்று மாலையே எல்லோருக்கும் ஒரு உத்தரவு வந்தது: வாடிக்கையாளரோடு மார்க்கெட்டிங் ஆட்களைத் தவிர வேறு யாரும் பேசக்கூடாது. 'எல்லோருக்கும்' என்று போட்டிருந்தாலும் யாருக்கு என்று ஆபீஸ் பியூனுக்குக்கூடத் தெரியும்.

எனக்கு ரிட்டையர் ஆக அதிக காலம் இல்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலைமையும் இல்லை. ஆனாலும் பயம் இருந்தது. இல்லை என்று பெருமை அடிக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு குடும்பம் மலைக்கோயிலுக்குப் போக டிக்கெட் வாங்கி, குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டு, பூட்டிய கதவைத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், பக்கத்து பேக்கரி வாசலில் நின்றபடியே, ஹெலிகாப்டர் நிறுவனத்தின் மெயின்டெனன்ஸ் தலைவருக்குப் போன் செய்தேன்.

அவர் பெயர் அன்வர், சிவாஜிநகர்காரர். உருதுவும் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"மேடம், இது சீசன். மெஷின கீழ இறக்கினா எங்க முதலாளி என் சட்டையப் புடிப்பாரு. இறக்கலன்னா என்ன ஆகும்? அது சொல்லுங்க."

"தெரியாது அன்வர். ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாதுங்கறதத்தான் நான் சொல்ல வந்தேன்."

"அரே..." என்றார். பேக்கரிக்காரர் தட்டில் பப்ஸ் அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி மேடம். இறக்கிடறேன். என் சட்டை, நான் பாத்துக்கறேன்."

மறுவாரம் கூடு பிரித்து பீனியாவுக்கு வந்தது. அன்வரும் கூடவே வந்தார். சோதனைக் கூடத்தில் ஷாப் முழுக்கக் கூடிவிட்டது. மேஜைமேல் வைத்து எண்ணெயைத் துடைத்தார்கள். மூலையில் பூச்சு அப்படியே இருந்தது. கீறல் இல்லை, விரிசல் இல்லை. பளபளவென்று இருந்தது.

அன்றைக்குத்தான் டாக்டர் ஒரு பாகத்தைப் பார்க்க முதல்முறையாகப் பின்னால் கட்டிய கையை எடுத்து, ஒரு லென்ஸை வாங்கி, மூலையின்மேல் குனிந்து பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"எங்கம்மா உரிஞ்சிருக்கு? எனக்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியல. நீங்க காமிங்க."

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மைசூர்பாகு சாப்பிட்டவர்கள்தான். அன்வர் என்னைப் பார்க்கவில்லை, கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சீசன் நடுவில் ஒரு ஹெலிகாப்டரை ஓரங்கட்டி வைத்துவிட்டு வந்த மனுஷன்.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும் சார்," என்றேன். "இழுத்துப் பாக்கணும்."

"இழுத்தா கேஸிங் வேஸ்ட். எவ்ளோ விலைன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?"

அன்வர் தலையை நிமிர்த்தினார். "சார், அது எங்க கேஸிங். இழுங்க."

மூலையில் ஒட்டுகிற மாதிரி அடிப்பக்கம் வளைந்த ஒரு சின்னக் குமிழைக் கடைந்து ஒட்டினோம். அதே கூட்டில் தட்டையான இடத்தில் இன்னொன்று. பசை ஒரு ராத்திரி காய வேண்டும். மறுநாள் காலையில் திரும்பவும் எல்லோரும் வந்துவிட்டார்கள், கூப்பிடாதவர்களும் வந்தார்கள்.

முதலில் தட்டையான இடம். இழுக்கும் கருவியின் கை பம்ப்பை அழுத்த அழுத்த அளவு முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பட்டென்று ஒரு சத்தம், பசை அறுந்தது. பூச்சு கல் மாதிரி நின்றது. டாக்டர் நாலா பக்கமும் திரும்பிப் புன்னகைத்தார். நல்ல பூச்சுதான். நேராக அடித்தால் எல்லாம் ஒட்டும்.

பிறகு மூலை. நானே பம்ப்பைப் பிடித்தேன். அழுத்தினேன். முள் இன்னும் கிளம்பவே இல்லை, கேஸ் சிலிண்டர் புத்தகத்திலிருந்து ஸ்டிக்கரை உரிப்பது போல ஒரு சின்னச் சத்தம். குமிழ் கையோடு வந்துவிட்டது. அடியில் அலுமினியம் முழுத் தகடாக ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டின் மூலையில் வெறும் சாம்பல்நிற மெக்னீசியம், எங்கள் ஆட்கள் அடிப்பதற்குமுன் சொரசொரப்பாக்கி வைத்த அதே தடத்தோடு, எதுவுமே ஏறாத மாதிரி இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர்தான் முதலில் பேசினார். "பசை சரியில்ல."

அன்வர் குமிழை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். தகட்டை நகத்தால் பெயர்க்கப் பார்த்தார், முடியவில்லை. அதை டாக்டரிடம் நீட்டினார்.

"பசை நல்லாத்தான் இருக்கு சார். இதுல பசை ஒண்ணுதான் நல்லா இருக்கு."

டாக்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அன்வர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். மூலைக்குள் நுழைகிற மாதிரி நீளம் குறைந்த நாசில் வந்தது. கூட்டை ஒரு சுழலும் மேஜையில் ஏற்றி, கன் சாய்வதற்குப் பதில் கூட்டையே திருப்பினார் கார்த்திகேயன். அப்படியும் கொஞ்சம் சாய்வு மிஞ்சிய இடத்தில் நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம். லேசான வாயு, துகளை இன்னும் வேகமாகத் தள்ளும், விலை அதிகம். முக்கியமாக, சோதனைத் துண்டையே அந்த மூலையின் வடிவத்தில் செய்தோம். பல மாதம் ஆனது. அன்வர் காத்திருந்தார். கடைசியில் மூலையிலும் பசைதான் அறுந்தது. அந்தக் கூடுகள் இன்றைக்கும் பறக்கின்றன.

என்னை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை; அன்வர் கேட்பாரே. சோதனைக் கூடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கேன்டீனை ஒட்டிய ஒரு அறையில் 'தர ஆலோசகர்' என்று பலகை மாட்டி உட்கார வைத்தார்கள். ஆலோசனை கேட்டு ஒருவரும் வரவில்லை. சாம்பார் வாசனை மட்டும் தவறாமல் வந்தது.

நான் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், நகரத்தின் ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு நடந்தது. டாக்டர் பேசினார். தலைப்பு: தெளிப்புக் கோணம் பூச்சின் பிடிப்பை எப்படி மாற்றுகிறது. கார்த்திகேயன்தான் என்னை வற்புறுத்தி அழைத்துப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் என்னுடைய வரைபடம் வந்தது. நான் பென்சிலில் போட்டதை அழகாகக் கலரில் வரைந்திருந்தார்கள். எப்படி இந்தக் கோணத்தில் சிந்தித்தீர்கள் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "இன்ஜினியரிங் இன்ட்யூஷன்," என்றார் டாக்டர், அடக்கமாக.

அது எனக்குப் பழகிப்போன விஷயம். என் கண் வரைபடத்திலேயே இருந்தது. நான் கோணத்தைப் பாகத்தின் மேற்பரப்பிலிருந்து அளந்திருந்தேன். தொண்ணூறு என்றால் செங்குத்து, நல்ல பிடிப்பு. கலரில் வரைந்தவர்கள் என் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே 'கன்னின் சாய்வு' என்று எழுதிவிட்டார்கள். அதன்படி பார்த்தால் எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு கெட்டியாக ஒட்டும். நடந்ததற்கு நேர் தலைகீழ். அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இந்தத் தொழிலில் பெயர் வாங்கியவர்கள். அந்தத் தலைகீழ் படத்துக்குக் கை தட்டினார்கள். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

டீ இடைவேளையில் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையில் கப்போடு ஒரு நிமிஷம் யோசித்தார். வழக்கம்போல உடனே புரிந்துவிட்டது.

"ஓ... ஆமாம்மா. யாரும் கவனிக்கலியே?"

"அதான் சார் சொல்றேன். யாரும் கவனிக்கல. எடுத்துட்டுப் போய் அப்படியே அடிப்பாங்க."

"ஆய்த்து, விடுங்க," என்றார் டாக்டர், அடுத்த ஆளைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே.

விடவில்லை. கட்டுரைகளைத் தொகுப்பாகப் போடுகிறவர்கள் வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய், அந்தப் படம் அச்சுக்குப் போகக் கூடாது, திருத்த வேண்டும் என்றேன். லேப்டாப் வைத்திருந்தவர் என் கழுத்தைப் பார்த்தார். அடையாள அட்டை இல்லை. நான் பதிவு செய்து வந்தவள் இல்லையே.

"கட்டுரைய எழுதினவங்கதான் மேடம் திருத்தம் சொல்லணும். நீங்க ஆதரா?"

"இல்ல."

"அப்ப நீங்க யாரு?"

"அந்த மூலைய இழுத்துப் பாத்தவ," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பரவாயில்லை. எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கட்டுரையில் எழுதியிருப்பதற்குப் படம் நேர் மாறாக இருப்பதை அவர் லேப்டாப்பிலேயே வரி வரியாகக் காட்டினேன். கீழே இருந்த 'சாய்வு' என்ற வார்த்தை அழிந்து சரியான வார்த்தை ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.